பட்டதாரி அப்ரண்டிஸ் ஒரு வருஷம்: டெல்டாவில் சேரலாமா, சேர்ந்தால் என்ன கேட்டு வாங்கணும்?

குடந்தை மெக் | 14 ஜூன் 2025

பி.இ. மெக்கானிக்கல், 2024-ல முடிச்சாச்சு, சி.ஜி.பி.ஏ. 7.6. போக்குவரத்துக் கழகத்துலயோ திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையிலயோ அப்ரண்டிஸா சேர்ந்து ஒரு வருஷம் செக்‌ஷன் செக்‌ஷனா சுத்தினா கையோட பர்மனென்ட் பண்ணிடுவாங்கன்னு ஊர்ல சொல்றாங்க. கோயம்புத்தூர்ல 16,000-க்கு ஒரு கம்பெனி கூப்பிடுது. எது மேல்? விஷயம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

வெண்ணாற்றங்கரை | 14 ஜூன் 2025

பர்மனென்ட் கிடையாது தம்பி. அந்த நெனப்போட சேர்ந்தா பதினோராவது மாசம் அழுகைதான்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ல வந்தது. பட்டதாரிகளையும் டிப்ளமோகாரங்களையும் அதுக்குள்ள கொண்டுவந்தது 1973 திருத்தம். அந்தச் சட்டப்படி நீங்க பயிற்சியாளர், தொழிலாளி இல்லை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் வராது. பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு நிறுவனத்துக்குக் கட்டாயமும் இல்லை. வேலை நேரத்துல அடிபட்டா இழப்பீடு உண்டு, அது நிறுவனத்தோட பொறுப்பு.

ஊர்ல குழப்புறது ரெண்டு வேற வேற விஷயத்தை. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணையோ தனித் தேர்வையோ வச்சு பொதுத்துறை எடுக்குற எக்ஸிக்யூட்டிவ் டிரெய்னி, எஞ்சினியர் டிரெய்னி எல்லாம் வேலைக்கான ஆர்டர். அவங்களும் முதல் வருஷம் செக்‌ஷன் செக்‌ஷனா சுத்துவாங்க, ஆனா சுத்தி முடிச்சதும் நாற்காலி இருக்கு. பட்டதாரி அப்ரண்டிஸ் சுத்துறது அதே ஷெட்டு, அதே மெஷின். முடிவுல கையில வர்றது சான்றிதழ் மட்டும்.

குடந்தை மெக் | 14 ஜூன் 2025

அப்ப எதுக்குண்ணே சேரணும்?

வெண்ணாற்றங்கரை | 15 ஜூன் 2025

வரிசைதான் காரணம். ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை அனுபவம் உள்ளவங்களை இந்தத் திட்டத்துல எடுக்க மாட்டாங்க. ஏற்கெனவே ஒரு இடத்துல அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்கும் கிடையாது. பட்டம் வாங்கி 5 வருஷத்துக்குள்ள இருக்கணும், எந்தெந்த வருஷம் முடிச்சவங்கன்னு ஒவ்வொரு அறிவிப்பும் தனியா சொல்லும். அதனால அப்ரண்டிஸ் முடிச்சுட்டு கோயம்புத்தூர் போகலாம். கோயம்புத்தூர்ல வருஷம் ஓட்டிட்டு இதுக்குத் திரும்ப முடியாது.

ஆனா 16,000-ஐ உடனே தள்ளாதீங்க. அந்த கம்பெனியோட சொந்த ஆர்டரா, ஆள் சப்ளை செய்யுற கான்ட்ராக்டரோட ஆர்டரான்னு கேளுங்க. சொந்த ஆர்டர், பி.எஃப்., குவாலிட்டியிலயோ டூல் ரூம்லயோ போடுறாங்கன்னா நான் அங்கதான் போகச் சொல்வேன். கான்ட்ராக்ட் ஆர்டர், அசெம்ப்ளி லைன்ல ஒரே போல்ட்டை முறுக்குற வேலைன்னா அப்ரண்டிஸ் மேல்.

திருவெறும்பூர் ஷிப்ட் | 15 ஜூன் 2025

பெல்லுக்கு எழுத்துத் தேர்வு எதுவும் இல்லை, மார்க் வரிசைதான். போக்குவரத்துக் கழகமும் அப்படித்தான், மார்க்கை வச்சுப் பட்டியல், அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு. அதனால நாட்ஸ் (NATS, தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்துல பதிவு பண்ணும்போது மார்க் கட்டத்தைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்க. சதவீதம் கேட்குற இடத்துல 7.6-ன்னு சி.ஜி.பி.ஏ.வைப் போட்டா 7.6 சதவீதம் வாங்கினவனா கடைசி வரிசையில நிப்பீங்க. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு 10-ஆல் பெருக்கி 76. தன்னாட்சிக் கல்லூரின்னா அவங்க மாற்று விதியை மார்க்‌ஷீட்டுக்குப் பின்பக்கம் பாருங்க.

இன்னொன்னு, தளம் ரெண்டு இருக்கு. நாட்ஸ் டிகிரி, டிப்ளமோவுக்கு. இன்னொன்னு ஐ.டி.ஐ. முதலான டிரேடு அப்ரண்டிஸுக்கு. அதுல பதிஞ்சுட்டு "அப்ளை பண்ணியாச்சு"ன்னு உட்கார்ந்திருக்குற பி.இ. ஆளுங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க.

வெண்ணாற்றங்கரை | 15 ஜூன் 2025

அதோட, நாட்ஸ்ல பதிவு எண் வாங்குறது வேற, நிறுவனத்துக்கு விண்ணப்பிக்குறது வேற. பதிவு எண் வந்த பிறகு திரும்ப உள்ள போய் அந்த நிறுவனத்தைத் தேடி விண்ணப்பிக்கணும். சில பொதுத்துறை தன்னோட சொந்தத் தளத்துலயும் தனியா விண்ணப்பம் கேட்கும். ரெண்டும் செஞ்சாத்தான் கணக்கு. கடைசி நாளுக்கு முந்தின நாள் புதுசா பதியாதீங்க, விவரம் சரிபார்த்து ஏற்க நேரம் எடுக்கும்.

குடந்தை மெக் | 16 ஜூன் 2025

காசு எவ்வளவுண்ணே? ஒருத்தர் 9,000-ங்குறார், இன்னொருத்தர் 12,300-ங்குறார்.

வெண்ணாற்றங்கரை | 16 ஜூன் 2025

2019 விதித் திருத்தத்துல பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000. அதுல பாதி, அதாவது உங்களுக்கு 4,500, மத்திய அரசோட பங்கு. 12,300-ங்குறது 2025 மே மாசம் மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் பரிந்துரைச்ச 36 சதவீத உயர்வு. பரிந்துரை வேற, கையெழுத்தாகுற ஒப்பந்தம் வேற. ஒப்பந்தத் தாள்ல என்ன தொகை அச்சாகியிருக்கோ அதுதான் உங்க காசு. 9,000-ஐ வச்சே கணக்குப் போடுங்க, கூட வந்தா லாபம்.

இதுல பெரும்பாலான பேர் மாட்டுறது தொகையில இல்லை, ரெண்டு கணக்குல. நிறுவனத்தோட பங்கு நீங்க எழுதிக் கொடுத்த வங்கிக் கணக்குக்கு வரும். அரசுப் பங்கு ஆதார் வழியா நேரடியா வரும். ஆதார் கடைசியா எந்தக் கணக்கோட இணைஞ்சிருக்கோ அங்க போய் விழும். காலேஜ்ல ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து, அப்புறம் எட்டிப்பார்க்காத கணக்கா அது இருக்கும். முடங்கிப்போன கணக்குன்னா பணம் திரும்பிடும். சேருறதுக்கு முன்னாடியே ஆதார் தளத்துல வங்கி இணைப்பு நிலையைப் பாருங்க, எந்த வங்கின்னு அதுவே காட்டும். தப்பான வங்கின்னா புது வங்கிக் கிளையில ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுங்க. வெறும் கே.ஒய்.சி. கொடுத்தா போதாது. "ஆதார் கொடுத்திருக்கேனே" என்பாங்க எல்லாரும். கொடுத்தது அடையாளத்துக்கு, பணம் வர்றதுக்கு இல்லை.

மன்னார்குடி பி.காம் | 16 ஜூன் 2025

பேர்ல இனிஷியல் பிரச்சினை வருதே அண்ணா? பத்தாவது சர்டிபிகேட்ல இனிஷியல் பின்னாடி, ஆதார்ல முன்னாடி, பான் கார்டுல அப்பா பேர் முழுசா விரிஞ்சிருக்கு.

வெண்ணாற்றங்கரை | 17 ஜூன் 2025

தமிழ்நாட்டுக்காரங்களுக்கே வாய்ச்ச தலைவலிம்மா இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையா வச்சுக்குங்க, மத்ததை அதுக்கு இழுங்க. ஆதார்ல பேரைத் திருத்தக் கொடுத்தா சில நாள்ல முடியும், சான்றிதழைத் திருத்துறது மாசக்கணக்கு. பேர் எத்தனை முறை மாத்தலாம்ங்குறதுக்கு ஆதார்ல வரம்பு உண்டு. அதனால ஒரே தடவையில இனிஷியல், புள்ளி, இடைவெளி எல்லாம் சரியா இருக்குற மாதிரி கொடுங்க. பான்ல இனிஷியல் விரிஞ்சுதான் வரும், அது பரவாயில்லை. ஊக்கத்தொகைக்கு இடிக்குறது ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாததுதான்.

பி.காம்ங்குறீங்க, உங்களுக்கும் இடம் உண்டு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. எல்லாத்தையும் பொறியியல் அல்லாத பட்டதாரின்னு தனிப் பிரிவா போக்குவரத்துக் கழகம் கூப்பிடுது.

குடந்தை மெக் | 19 ஜூன் 2025

சரி, சேர்ந்தாச்சுன்னு வைங்க. உள்ள என்ன நடக்கும்?

வெண்ணாற்றங்கரை | 19 ஜூன் 2025

கேட்காம இருந்தா ஜெராக்ஸ் எடுப்பீங்க. கையெழுத்து அழகா இருந்தா அதுக்கும் மேல ஆபத்து, ரெஜிஸ்டர் எழுத உட்கார வச்சிருவாங்க, பன்னெண்டு மாசமும் அதே மேசை. இந்தத் திட்டத்தோட பெரிய ஓட்டையே இதுதான். எந்த செக்‌ஷன்ல எத்தனை வாரம்னு பயிற்சித் திட்டம் காகிதத்துல இருக்கும். ஆனா ஆள் குறைவா இருக்குற செக்‌ஷன் உங்களை விடாது. முதல் வாரமே பயிற்சித் திட்டத்தோட நகலைக் கேட்டு வாங்குங்க. மூணு மாசத்துக்கு ஒரு முறை உங்க முன்னேற்ற அறிக்கை மேல போகணும். அதுக்குப் பத்து நாள் முன்னாடி பயிற்சி அலுவலரைப் பார்த்து, "ஐயா, யூனிட் செக்‌ஷன் இன்னும் பார்க்கலை, அறிக்கையில என்ன எழுதட்டும்?"னு கேளுங்க. சண்டையே வேண்டாம், அந்தக் கேள்வி போதும், செக்‌ஷன் மாறும்.

பஸ் பணிமனைன்னா மெக்கானிக்கலுக்கு நான் போடுற வரிசை: முதல் மூணு மாசம் டிப்போவுல தினசரிப் பராமரிப்பு, டயர், பேட்டரி. அடுத்து எஃப்.சி., அதாவது வண்டியைத் தகுதிச் சான்றுக்குத் தயார் பண்ற இடம். அப்புறம் யூனிட்: இன்ஜின், கியர் பாக்ஸ், ஸ்டீயரிங். கடைசியா ஸ்டோர்ஸும் டீசல் கணக்கும். பலபேர் எடுத்த எடுப்புல யூனிட் கேட்பாங்க. வேண்டாம். வண்டி ரோட்டுல எதனால நின்னுச்சுன்னு தெரியாம பிரிச்சுப்போட்ட கியர் பாக்ஸைப் பார்த்தா அது வெறும் பல்சக்கரம்.

எஃப்.சி. செக்‌ஷன்தான் பொன்னு. ஒரே வண்டியில பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எலெக்ட்ரிகல், பாடி எல்லாத்தையும் கழற்றி மாட்டுவாங்க. ஏர் பிரேக் கசிவை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாருங்க. காத்து முழுசா ஏத்தி இன்ஜினை நிறுத்திட்டு கேஜைப் பார்ப்பாங்க. பெடலை மிதிக்காம முள் இறங்கினா டேங்க், பைப் இணைப்பு, வால்வு பக்கம் கசிவு. மிதிச்சுப் பிடிச்சா மட்டும் இறங்கினா பிரேக் சேம்பர் டயாஃப்ரம், ஹோஸ் பக்கம். அப்புறம் சோப்புத் தண்ணி. சந்தேகப்படுற இணைப்புல தடவினா நுரை முட்டை விடும். டயாஃப்ரம் ஓட்டைன்னா சேம்பரோட சின்ன மூச்சுத் துளையில, மிதிக்கிறப்ப மட்டும் நுரை ஊதும். நேர்காணல்ல ஏர் பிரேக்கைப் பத்திக் கேட்டா பாடப்புத்தகப் படத்தை ஒப்பிக்கிறவனுக்கும் இதைச் சொல்றவனுக்கும் உள்ள தூரம் எதிர்ல உட்கார்ந்திருக்குறவருக்கு உடனே தெரியும்.

திருவெறும்பூர் ஷிப்ட் | 20 ஜூன் 2025

அண்ணே, பி.எஸ்.6 (புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வர்ற) வண்டியை விட்டுட்டீங்க. இப்ப கழகங்கள்ல பி.எஸ்.6 வண்டி வந்துக்கிட்டே இருக்கு. முதல் மூணு மாசத்துலயே ஸ்கேன் டூல் (வண்டியோட கம்ப்யூட்டர்லேர்ந்து பழுதைப் படிக்குற கருவி) வச்சிருக்குற ஆள் பக்கத்துல ஒட்டிக்கணும், கடைசிக்குத் தள்ளக் கூடாது.

வெண்ணாற்றங்கரை | 20 ஜூன் 2025

நியாயம். சேர்த்துக்குங்க தம்பி. அதுல பார்க்க வேண்டியது, புகையைச் சுத்தம் பண்ற யூரியா கரைசல் டேங்க். 32.5 சதவீத யூரியா, மீதி அயனி நீக்கிய தண்ணி. பைப் தண்ணி கலந்தா உப்பு படிஞ்சு ஊசி மாதிரி இருக்குற இன்ஜெக்டர் அடைக்கும். அவசரத்துல அந்தக் கரைசலை டீசல் டேங்குல ஊத்திட்டா இன்னும் மோசம், அப்ப சாவியைக்கூட திருப்பக் கூடாது. டேங்கை இறக்கிக் கழுவணும். புகை வடிகட்டி அடைச்சுக்கிட்டா எப்ப வண்டியை நிறுத்தி, படிஞ்ச கரியை எரிக்க விடணும், எப்ப கழற்றணும்னு ஸ்கேன் டூல் ஆள்கிட்ட கேளுங்க.

மன்னார்குடி பி.காம் | 21 ஜூன் 2025

எங்களை மாதிரி ஆளுங்க என்ன கேட்டு வாங்குறது? ரெஜிஸ்டர் மட்டும்தானா?

வெண்ணாற்றங்கரை | 21 ஜூன் 2025

உங்களுக்கு ரெஜிஸ்டர் எழுதுறதே பாடம், ஆனா ஒரே ரெஜிஸ்டர் இல்லை. கண்டக்டர் கொண்டுவர்ற வே-பில்லும் (டிக்கெட் வித்த கணக்குத் தாள்) டிக்கெட் மெஷின் கணக்கும் ஒத்துப்பார்க்குற இடம், பணம் கட்டுற கவுண்டர், ஸ்டோர்ஸ் லெட்ஜர், சம்பளப் பட்டியல். இந்த நாலும் சுத்துங்க. ஸ்டோர்ஸ்ல லெட்ஜர் இருப்பும் ரேக்குல எண்ணின இருப்பும் ஏன் மாறுதுன்னு ஒரு பொருளை எடுத்து முழுசா துரத்துங்க. ராத்திரி பிரேக்டவுனுக்கு அவசரமா எடுத்துக்கொடுத்து இண்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு) மறுநாள் எழுதினது, பழசைத் திருப்பிக் கொடுக்காதது, ஒரே பொருளுக்கு ரெண்டு பார்ட் நம்பர் இருக்குறது, பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணு.

பெண்களுக்கு ஒரு அனுகூலம்: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல 2021-லிருந்து இலவசம். 9,000-ல அது சின்ன விஷயம் இல்லை. வீட்டுலேர்ந்து டவுன் பஸ் எட்டுற தூரத்துல இருக்குற கிளையை விருப்பமா கேட்டுப்பாருங்க.

எம்-புக் | 22 ஜூன் 2025

சிவில் ஆளுங்க யாரும் இல்லையா? பொதுப்பணித்துறையும் பட்டதாரி அப்ரண்டிஸ் எடுக்குது. சிவில், இ.இ.இ., ஆர்கிடெக்சர், பொறியியல் அல்லாதவங்க எல்லாரையும்.

குடந்தை மெக் | 22 ஜூன் 2025

என் தங்கச்சி சிவில்தான். கல்லணை ஷட்டர், வெண்ணாறு ரெகுலேட்டர் எல்லாம் பார்க்கலாம்னு ஆசையா இருக்கா.

எம்-புக் | 22 ஜூன் 2025

2021-ல நீர்வளத்துறை தனியா போயிடுச்சு. பொதுப்பணித்துறைன்னா இப்ப கட்டடம். கல்லணைக்கு வேணும்னா ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போய்ட்டு வாங்க.

ஆனா கட்டடத்துல கத்துக்க நிறைய இருக்கு. முக்கியமா அளவுப் புத்தகம். நம்ம ஆளுங்க வாயில எம்-புக். பில் போடுறதுக்கான உயிரே அதுதான். பக்கம் எண் போட்டது, கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, வெள்ளை மை கூடாது. தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடிச்சு, மேல சரியா எழுதி, தேதியோட சுருக்கொப்பம். அப்ரண்டிஸ் அதுல பதிவு பண்ண முடியாது, ஆனா அளக்கும்போது டேப்போட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு தன் நோட்டுல அதையே எழுதலாம், ராத்திரி கணக்குப் போட்டு மறுநாள் ஒப்பிடலாம். கம்பி எடைக்கு மி.மீ.ல விட்டத்தை வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுங்க. 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 18.96 கிலோ. கான்கிரீட் போட்ட பிறகு கம்பியை எண்ண முடியாது. அதனால கான்கிரீட் லாரி வர்றதுக்கு முந்தின நாள் சைட்டுல இருங்க, போட்ட மறுநாள் போய்ப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் க்யூப், கான்கிரீட்டோட பலத்தைச் சோதிக்குற கட்டி. 150 மி.மீ. அச்சு, மூணு அடுக்கா நிரப்பி அடுக்குக்கு 35 குத்து. எம்20 தரக் கான்கிரீட்டுக்கு 28 நாள்ல சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் வரணும்னா மெஷின்ல 450 கிலோ நியூட்டன் தாங்கணும். பெயில் ஆகுற க்யூப்ல ஒரு பங்கு கான்கிரீட்டால இல்லை, குத்துறதுல சோம்பல், அச்சைக் கழற்றிட்டு தண்ணித் தொட்டியில போடாம வெயில்ல வச்சது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம்னா கலவைத் தண்ணியில உப்பு பார்க்கணும். குளோரைடு கம்பியைத் தின்னும். போர் தண்ணி ருசியில தெரியலைன்னாலும் லேப் அறிக்கையில தெரியும்.

வெண்ணாற்றங்கரை | 24 ஜூன் 2025

எந்த மாசம் சேர்றீங்கங்குறதும் பெரிய விஷயம். எங்க பக்கம் ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி கொடியேத்தம், செப்டம்பர் 8 பெருவிழா. அந்த நாள்கள்ல சிறப்புப் பஸ் ஓடும், செக்‌ஷன் சுற்று எல்லாம் நின்னு, இருக்குற ஆளையெல்லாம் பிரேக்டவுனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அனுப்பிடுவாங்க. போங்க, முகம் சுளிக்காம போங்க. ரேடியேட்டர் சூடாகி நிக்குற வண்டி, கிளட்ச் வழுக்குற வண்டி, டைனமோ சார்ஜ் ஏறாத வண்டின்னு அந்தப் பத்துப் பன்னெண்டு நாள்ல பார்க்குற பழுது சாதாரண மாசத்துல வராது.

அக்டோபர்லேர்ந்து வடகிழக்குப் பருவமழை. பிரேக் லைனிங் நனைஞ்சு ஒரு சக்கரம் மட்டும் இழுக்கும், ஸ்டார்ட்டர்ல தண்ணி, வைப்பர் மோட்டார், கூரை ஒழுக்கு. கடலோர டிப்போன்னா உப்புக் காத்துல தரைத் தகடு கீழேர்ந்து அரிக்கும், பேட்டரி முனை பச்சை பூக்கும். அந்த மாசங்கள்ல எலெக்ட்ரிகல், பாடி செக்‌ஷனைக் கேளுங்க. கோடையில ரேடியேட்டர், டயர். டயர் காத்தைக் காலையில வண்டி கிளம்பும் முன்னாடி பார்க்கணும், ஓடி வந்த சூட்டுல பார்த்தா கூடக் காட்டும். அதை நம்பிக் காத்தை இறக்கிவிடுறதுதான் டயர் தேயுறதுக்குப் பாதிக் காரணம்.

குடந்தை மெக் | 25 ஜூன் 2025

டைனமோ இல்லண்ணே, ஆல்டர்னேட்டர் :)

வெண்ணாற்றங்கரை | 25 ஜூன் 2025

டிப்போவுல போய் ஆல்டர்னேட்டர்னு சொல்லிப்பாருங்க, "எந்த ஊர் தம்பி"ன்னு கேட்பாங்க.

காரைக்கால் கரண்ட் | 27 ஜூன் 2025

இ.இ.இ. ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மின்வாரிய வேலைக்குப் போனீங்கன்னா லைன் கிளியர் (லைன்ல மின்சாரத்தை நிறுத்தி வேலைக்கு ஒப்படைக்குற) முறையை வரிக்கு வரி கத்துக்குங்க, ஆனா உங்க பேர்ல லைன் கிளியர் வாங்கவே கூடாது. "ஆள் இல்லை தம்பி, நீயே வாங்கிக்க"ன்னு யார் சொன்னாலும் மறுத்துடுங்க. சப் ஸ்டேஷன்ல பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரைப் பிரிச்சு, எர்த் பண்ணி, லாக் ஷீட்டுல எண்ணோட எழுதிக் கொடுத்த பிறகுதான் லைன் உங்களுது. அதுக்கப்புறமும் வேலை செய்யுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டணும். ஒரு பக்கம் போதாது. வயக்காட்டுல, கல்யாண மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடும், சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லைன்னா அது டிரான்ஸ்பார்மர் வழியா தலைகீழா ஏறி 11 கே.வி. ஆகி வந்து நிக்கும். வேலை முடிஞ்சதும் ஆள் எண்ணி, ராடு எண்ணி, அப்புறம்தான் லைன் கிளியரைத் திருப்பணும்.

குடந்தை மெக் | 27 ஜூன் 2025

ஓ.என்.ஜி.சி. பத்தி யாராவது? காரைக்கால்ல இருக்கே. டெல்டாவை வேளாண் மண்டலம் ஆக்கின பிறகு அது இருக்குமா?

காரைக்கால் கரண்ட் | 28 ஜூன் 2025

2020 சட்டம் புதுசா வர்ற எண்ணெய், எரிவாயுத் திட்டத்துக்குத்தான். ஏற்கெனவே ஓடுற கிணறும் நிலையமும் ஓடும். ஒரு வருஷப் பயிற்சிக்கு அதைப் பத்தி யோசிக்க வேண்டாம். அறிவிப்புல காரைக்கால் எந்தப் பிரிவுல வருது, எந்த மாவட்டக்காரங்களுக்குன்னு மட்டும் பாருங்க, புதுச்சேரி யூனியன் பிரதேசம்ங்குறதால ஆளுங்க குழம்புறாங்க. நரிமணம் ரிபைனரி வேற நிறுவனம், அது சி.பி.சி.எல். (சென்னை பெட்ரோலியம்).

திருவெறும்பூர் ஷிப்ட் | 29 ஜூன் 2025

ரயில்வே ஒதுக்கீட்டைப் பத்தியும் ஊர்ல ஒரு கதை ஓடுது. லெவல் 1 (கடைநிலை) வேலையில அப்ரண்டிஸ் முடிச்சவங்களுக்கு 20 சதவீதம் உண்மைதான். ஆனா அது பொன்மலை மாதிரி ஒர்க்‌ஷாப்ல டிரேடு அப்ரண்டிஸ் முடிச்சு தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் வச்சிருக்குறவங்களுக்கு. நாட்ஸ்ல முடிச்ச பி.இ.க்கு வர்றது தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தோட தேர்ச்சிச் சான்றிதழ், அது வேற தாள். இதை நம்பி யாரும் சேராதீங்க.

வெண்ணாற்றங்கரை | 30 ஜூன் 2025

சான்றிதழ்னு வந்ததால சொல்லிடுறேன். தரமணியில இருக்குற தென்மண்டல வாரியம் கொடுக்குறது அது. முழு வருஷமும் முடிச்சிருக்கணும், நிறுவனம் அறிக்கையெல்லாம் ஏத்தியிருக்கணும். வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதியலாம். ஆனா பல அறிவிப்புல "அப்ரண்டிஸ் காலம் அனுபவமாகக் கருதப்படாது"ன்னு ஒரு வரி இருக்கும், விண்ணப்பிக்கும் முன்னாடி அந்த வரியைத் தேடுங்க.

தாளைவிட எடை உங்க டைரிக்குத்தான். "இன்று பிரேக் செக்‌ஷனில் பணி செய்தேன்"னு எழுதி முந்நூறு நாள் நிரப்புற டைரி குப்பை. வண்டியோட வரிசை எண், ஓடின கிலோமீட்டர், டிரைவர் என்ன புகார் சொன்னார், கழற்றினப்ப என்ன இருந்துச்சு, டிரம் உள்விட்டத்தை நாலு இடத்துல அளந்தப்ப அதிக வித்தியாசம் எவ்வளவு, கையேட்டு வரம்பு எவ்வளவு, என்ன மாத்தினாங்க, வண்டி திரும்ப அதே புகாரோட வந்துச்சா. கடைசிக் கேள்விதான் யாரும் எழுத மாட்டாங்க. டைரியில மேற்பார்வையாளர் கையெழுத்தை வாரா வாரம் வாங்கிடுங்க. மூணு மாசத்துக்கு மொத்தமா கொண்டுபோய் நீட்டினா படிக்காம போடுவார், இல்லை போடவே மாட்டார்.

வெண்ணாற்றங்கரை | 2 ஜூலை 2025

19-ஆம் தேதி டீசல் கணக்கைக் கடைசியா வைங்கன்னு சொன்னேன். யோசிச்சுப் பார்த்தா அதை ஆறாவது மாசத்துக்குக் கொண்டுவர்றதுதான் சரி. அங்க பார்த்ததை வச்சுத் திரும்ப ஷெட்டுக்குள்ள போய்க் காரணம் தேட நேரம் இருக்கும்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்ங்குற அந்த ஒரு எண்ணுல ஆயிரம் பொய் ஒளிஞ்சிருக்கும். வண்டி 412 கி.மீ. ஓடிச்சு, 76 லிட்டர் பிடிச்சுது, 5.42 வந்துச்சு. பங்க்ல டேங்கை வாய்வரைக்கும் நிரப்பாம 4 லிட்டர் குறைவா விட்டா அன்னைக்கு 5.72, டிரைவருக்குப் பாராட்டு. மறுநாள் அதே வண்டி, அதே தூரம், அந்த 4 லிட்டரும் சேர்ந்து 80 லிட்டர், 5.15. இன்னொரு டிரைவர் பேர்ல மெமோ. அதனால ஒரு நாள் எண்ணை நம்பாதீங்க, பத்து நாள் கிலோமீட்டரைக் கூட்டி பத்து நாள் லிட்டரால வகுங்க. அட்டவணைக் கிலோமீட்டரா, நிஜமா ஓடினதான்னும் பாருங்க. ஒரு டிரிப் ரத்தானா அட்டவணை பொய் சொல்லும். இதெல்லாம் கழிச்ச பிறகும் குறைவா இருக்குற வண்டியைத்தான் பிட்டுக்கு (அடியில நின்னு பார்க்குற குழிக்கு) எடுத்துட்டுப் போகணும். வந்து நின்னவுடனே நாலு சக்கர டிரம்மோட சூட்டையும் ஒப்பிடுங்க. ஒண்ணு மட்டும் அதிகமா கொதிச்சா பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. அப்புறம் ஏர் ஃபில்டர், டயர் காத்து, அதுக்கும் பிறகுதான் இன்ஜெக்டர். நம்ம பசங்க நேரா இன்ஜெக்டர்ல கை வைப்பாங்க.

குடந்தை மெக் | 5 ஜூலை 2025

நாட்ஸ்ல பதிவு எண் வந்துடுச்சுண்ணே. ஆதார் இணைப்பு நிஜமாவே காலேஜ் கிளையிலதான் கிடந்துச்சு, மாத்தக் கொடுத்தாச்சு. கோயம்புத்தூர் கான்ட்ராக்டர் ஆர்டர்தான், விட்டுட்டேன். நடுவுல நல்ல வேலை வந்தா அப்ரண்டிஸை விட்டுட்டுப் போகலாமா?

வெண்ணாற்றங்கரை | 5 ஜூலை 2025

போகலாம், ஆனா சொல்லாம நிக்காதீங்க. கடிதம் கொடுத்து, நிறுவனம் தளத்துல ஒப்பந்தத்தை முடிச்சதை நீங்களே உள்ள போய்ப் பார்த்துட்டுப் போங்க. நடுவுல விட்டா சான்றிதழ் கிடையாது, இன்னொரு இடத்துல அப்ரண்டிஸா திரும்பச் சேர்றதும் கஷ்டம். பத்து மாசம் முடிச்சாச்சுன்னா புது இடத்துல சேர ரெண்டு மாசம் தவணை கேட்டுப் பாருங்க. அரசு வேலை ஆர்டர்னா தவணையெல்லாம் கேட்காதீங்க, அன்னைக்கே கிளம்புங்க.

மன்னார்குடி பி.காம் | 6 ஜூலை 2025

சரிபார்ப்புக்கு ஒரிஜினல் பட்டம் இன்னும் வரலை, புரொவிஷனல்தான் இருக்கு. ஏத்துப்பாங்களா?

எம்-புக் | 6 ஜூலை 2025

புரொவிஷனலும் எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட்டும் இருந்தா பொதுவா ஏத்துப்பாங்க, அறிவிப்புல அந்த வரி இருக்கான்னு பாருங்க. சாதிச் சான்றிதழும் எடுத்துக்குங்க. அது பழைய கையெழுத்துப் பிரதியா இருந்தா இ-சேவையில இப்பவே புதுசுக்குப் போடுங்க. ஜமாபந்தி, பள்ளிக்கூட அட்மிஷன்னு தாலுகா ஆபீஸ்ல இந்த சீசன்ல கூட்டம், கையெழுத்தாகி வர நாள் எடுக்கும்.